பக்கத்து வீட்டு கிரைண்டர்

அம்பத்தூரில் குடியிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் இட்லிக் கடைக்கார அம்மா தினமும் ராத்திரி பத்து மணிக்குத்தான் கிரைண்டர் போடுவாள். அந்தச் சத்தம் கேட்காமல் என் பயல் தூளியில் கண்ணை மூடமாட்டான். எட்டு மணிக்கே தூங்கவைத்துத் தொலைக்கலாமென்று எங்கள் கிரைண்டரில் வெறும் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டேன். பயல் சொக்கிப்போனான். நிறுத்தினால் அழுகை.

ரெண்டு நாள் கழித்து அந்த அம்மா குண்டானோடு வந்து நின்றாள்.

"சும்மா சுத்துனா கல்லு தேஞ்சிடும்மா. இத்தப் போட்டுக்கோ" என்று ஊறின அரிசியைக் கொட்டினாள். அரைத்துக் கொடுத்தேன். மறுநாளும் குண்டான் வந்தது.

அதிலிருந்து பயல் எட்டு மணிக்குத் தூங்கினான். அந்த அம்மா ஒன்பதுக்கே தூங்கினாள். கடைக்கு மாவரைத்து, வழித்து, கல்லைக் கழுவிவிட்டு நான் படுக்கத்தான் பன்னிரண்டானது.