ஆளுக்குப் பாதிச் சம்பளம்

இல்லாதவன் வீட்டுக்குப் போய், "உங்களுக்கு இல்லைதானே?" என்று கேட்டு எழுதி வருவது என் உத்தியோகம். பகுதிக் கச்சேரி என்ற கிராம அலுவலகத்தில் சேவகன் நான். ஏழை வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியில் படித்தால் சர்க்கார் பாதிச் சம்பளத்தை, அதாவது படிப்புக் கட்டணத்தில் பாதியை, தள்ளிக் கொடுக்கும். வீட்டில் வகையில்லை என்று மூத்த ஆண் தன் வாயால் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறர் வீட்டு வாசலில் கூசிக்கூசி நின்ற அன்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

மாமன் உண்டே

தோவாளைப் பக்கம் ஒரு பையன் மனுப் போட்டிருந்தான். பாதிச் சம்பளச் சலுகை கிடைக்காவிட்டால் அந்த மாதத்தோடு படிப்பு நின்றுவிடும். அப்பன் பெரிய வயல்காரர், இறந்துவிட்டார். பழைய மருமக்கள் வழிப்படி வயலெல்லாம் அப்பனுடைய சகோதரி மக்களுக்குப் போயிற்று. பையனும் தாயும் மாமன் வீட்டில் ஒதுங்கினார்கள். எங்கள் அதிகாரி பார்வத்தியக்காரர் மனுவை மூக்கருகே வைத்துப் படித்தார்.

"அப்பன் சொத்து போச்சு, சரி. மாமன் உண்டே வேய்! அவரு குடுக்க மாட்டாரா? போய்ப் பாத்துட்டு வாரும்."

பிச்சிப்பூ வாசம்

விடிந்தும் விடியாத நேரம். கணவாய்க் காற்றில் நெற்பயிர் ஒரு பக்கமாகவே சாய்ந்து, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் மறுபடி எழுந்தது. பிச்சிப்பூ வாசம் வரப்பெல்லாம் கூடவே வந்தது. நான் நடக்கிறேனா, யாராவது என்னைக் கனவு காண்கிறார்களா என்றுகூடத் தோன்றியது. எதிரே பூக்கூடையோடு வந்த ஒரு அம்மாளிடம் வழி கேட்டேன்.

"அந்த வீட்டுக்கா? நல்ல சாப்பாடு கிடைக்கும் அண்ணாச்சி. எங்க வீட்டு வெண்கல உருளியிலதான் பாயசம் கொதிக்கு."

குத்துவிளக்கும் கும்பாவும்

சர்க்கார் ஆள் வருகிறான் என்று முந்தின நாளே தெரிந்ததும் வீட்டின் மானத்தைக் காக்கக் கிளம்பிவிட்டார் மாமன். கூடத்தில் குத்துவிளக்கு, வெண்கலப் பானை, செம்பு எல்லாம் வரிசையாக மின்னின. எனக்கு எதையும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஏழு பாத்திரம், அவற்றில் வெட்டியிருந்த பெயர்கள் ஏழு வீட்டாருடையவை. தன் வயலையெல்லாம் மாமன் கோர்ட்டு வழக்குக்கே தின்னக் கொடுத்துவிட்டார் என்பது ஊருக்குத் தெரியும். ஆனால் அவர் வாயால் சொல்லாமல் நான் எழுத முடியாது. குனிந்து சாப்பிட்டேன்.

"மருமவனுக்குச் சம்பளம் கட்ட வக்கில்லாதவன்னு சர்க்கார் கடலாசுல என் பேரை எழுதுவீரோ? பாயசத்தைக் குடியும் வேய்!"

கதவுக்குப் பின்னால்

மோர் வந்தது. கூடவே கதவுக்குப் பின்னாலிருந்து அவர் தங்கையின், பையனுடைய தாயின், குரலும் வந்தது.

"அண்ணாச்சி, வெயிலுக்கு முந்தி பாத்திரத்தையெல்லாம் தேய்ச்சுத் திருப்பிக் குடுக்கணும். நம்ம வீட்டுது அந்தக் கும்பா ஒண்ணுதான். அதுல சர்க்காரு ஆளு மோரு குடிச்சிட்டு இருக்காரு."

மாமன் முகத்தை நான் பார்க்கவில்லை. கும்பாவுக்குள் மோரில் ஒரு கறிவேப்பிலை மெல்லச் சுற்றிச்சுற்றி வந்தது. அது நின்றதும் மாமன் என்னைப் பார்க்காமலே, "எழுதும்" என்றார். எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். எனக்கோ இயல்பாகவே குரல் எழும்பாது; அன்று இன்னும் தாழ்த்தி வாசித்தேன். காற்று ஓலைக்கூரையைப் படபடவென்று அடித்தது.

"ஒண்ணும் கேக்கல்ல. நல்லது. கையெழுத்தை எங்க போடணும்?"

காப்பிக்கடையில்

சலுகை உத்தரவாயிற்று, பையன் கல்லூரியில் நீடித்தான். மீதிப் பாதியைத் தாய் பூக்கட்டித்தான் சேர்த்தார். உத்தரவைச் சொல்லப் போனபோது மாமன் காப்பிக்கடையில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். சேதி எனக்கு முன்பே அங்கு வந்திருந்தது. இந்த மனிதர் எப்படித் தலை நிமிர்வாரோ என்று வழியெல்லாம் கவலைப்பட்டிருந்தேன். திருவிதாங்கூர் மகாராஜாவைப் பொன்னுதம்புரான் என்பது எங்கள் வழக்கம். மாமன் என்னைக் கண்டதும் குரலை இன்னும் உயர்த்தினார்.

"கேட்டியளா? நம்ம பயலைப் பொன்னுதம்புரானும் நானும் சேந்துதான் படிக்க வைக்கோம். ஆளுக்குப் பாதி!"

களவைக் கண்டுபிடிக்கப் போலீசுக்காரர் தடி எடுத்துப் போவார்; வறுமையைக் கண்டுபிடிக்க நான் பாயசம் குடிக்க வேண்டியிருந்தது.