சிவப்பு வரிசையில் ஒரு மைக்ரோவேவ்

1. பிளக் படம்

ஃபோரத்தைத் தொடங்கிய முதல் நாளே ஒருவர் எங்களைத் திட்டிவிட்டுப் போனார். பழைய டியூப் டி.வி.யில் படம் வராமல் நடுவில் வெள்ளைக் கோடு மட்டும் வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, டி.வி.க்குப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், பிறகு பேசலாம் என்று எழுதினேன். “ஏன் மேடம், அப்படியே ஆதார் கார்டும் போடவா?” என்று கேட்டவர் அதற்குப் பிறகு வரவே இல்லை.

நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் சீனியர் டெக்னீஷியன். டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்த வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில். ஃபோரத்தை நடத்துவது நாங்கள் மூன்று பேர். ஹமீது, பாலக்கரையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், என்னைவிடச் சின்னவர். செல்வம் சார், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீஷியன். மூன்று பேருக்கும் இதில் சம்பளம் கிடையாது. ஸ்பேர் பார்ட்ஸ் வாங்குகிறவர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில்தான் பழக்கம். அந்தக் குரூப்பில் ஒருநாள் இன்வெர்ட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் சந்தேகம் கேட்க, இன்னொருவர் “ஒண்ணும் ஆகாது, தைரியமா தொடுங்க” என்று பதில் போட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் “தொடாதீங்க” என்று எழுதினோம். ஃபோரம் பிறந்தது அப்படித்தான்.

கேள்விகள் இரண்டு வரிசையில் வரும். மின்விசிறி, ரேடியோ, செல்போன் சார்ஜர் எல்லாம் சாதாரண வரிசை. அதில் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். மைக்ரோவேவ், டியூப் டி.வி., இன்வெர்ட்டர் போன்றவை சிவப்பு வரிசை. அதில் பிளக் படம் வராமல் எந்தப் பதிலும் வெளியே போகாது. வந்த பிறகும் பதிலை இரண்டு மாடரேட்டர்கள் படித்துச் சரி என்று சொல்ல வேண்டும். பேட்டரி உள்ள சாதனத்துக்கு இன்னும் கெடுபிடி அதிகம்.

படம் எதற்கு என்றால், கவுன்டரில் நிற்கிற எங்களுக்குத் தெரியும், “ஆஃப் பண்ணிட்டேன்” என்று சொல்லாத கஸ்டமரே இல்லை. சுவிட்சை ஆஃப் செய்திருப்பார். அந்த வீட்டு வயரிங்கில் சுவிட்ச் தப்பான வயரில் இருந்தால் மெஷினுக்குள் கரண்ட் அப்படியேதான் இருக்கும். பிளக் மேஜைமேல் கிடக்கிறது என்றால் அதற்குமேல் பேச்சில்லை.

இந்த விதியைக் கொண்டுவந்தவர் செல்வம் சார். ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் லைனில் கை வைத்திருந்தால் சுவிட்சில் அவர் பெயர் எழுதிய அட்டை தொங்குமாம். அதை அவரேதான் வந்து எடுக்க வேண்டும், மேலதிகாரி சொன்னாலும் வேறு யாரும் தொட மாட்டார்களாம். “நம்ம ஆளுங்க கண்ணுக்குத் தெரியாத தூரத்துல இருக்காங்க. அட்டைக்கு பதிலா போட்டோவாவது இருக்கட்டும்,” என்றார். பொய்ப் படம் போட்டால் அந்தக் கேள்வி பூட்டப்படும், போட்டவருக்கு ஒரு மாதம் தடை என்பதும் அவர் சேர்த்ததுதான். எங்களுக்குப் பிளக் கட்சி என்று பெயர் வந்தது. அந்தப் பெயரில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

2. ஒரு சனிக்கிழமை மத்தியானம்

அன்று சிவப்பு வரிசையின் முறை ஹமீதுடையது. நான் கவுன்டரில் ஒரு பெரியவரிடம், மிக்ஸிக்குள் தண்ணீர் போனதை வாரன்டியில் சேர்க்க முடியாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஹமீது கூப்பிட்டார். செல்வம் சாரும் அதே அழைப்பில் இருந்தார்.

“அக்கா, ஒரு ஓட்டு வேணும். நானும் சாரும் ஆளுக்கொரு பக்கம் நிக்கிறோம்.”

விஷயம் இதுதான். ‘காவிரிக்கரை’ என்ற பெயரில் புது உறுப்பினர் ஒருவர் கேட்டிருந்தார்: மைக்ரோவேவில் விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, சூடு மட்டும் ஏறவில்லை, கவரைக் கழற்றியாயிற்று, அடுத்து எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்? கூடவே பிளக் படமும் இருந்தது. ஆனால் படத்தில் கிடந்தது சின்ன ஆறு ஆம்பியர் பிளக். அந்த மைக்ரோவேவுக்குப் பதினாறு ஆம்பியர் பெரிய பிளக்தான் வரும். வேறு எதன் பிளக்கையோ எடுத்துப் பக்கத்தில் வைத்து போட்டோ பிடித்திருக்கிறார்கள். அப்படியானால் திறந்து கிடக்கும் மைக்ரோவேவ் இன்னும் சுவரில் மாட்டியே இருக்கிறது.

இளைய வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மைக்ரோவேவுக்குள் வீட்டுக் கரண்டைப் போலப் பல மடங்கு வோல்டேஜ் உண்டாகும். ஓடும்போது உள்ளே கை வைத்தவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் கரண்டைப் பிடித்து வைத்திருக்கலாம்.

செல்வம் சார் பூட்டச் சொன்னார். “பொய் போட்டோன்னு தெரிஞ்சாச்சு. நாம பதில் சொல்லி ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பொறுப்பு? ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“பூட்டினா ஏதாச்சும் வீடியோவப் பாத்துட்டு கைய வெச்சிருவாங்க சார். இப்பவே ‘வீடியோல இதெல்லாம் கேக்க மாட்டாங்க’ன்னு எழுதிருக்கு,” என்றார் ஹமீது.

நான் படத்தைத் திறந்தேன். மைக்ரோவேவ், பக்கத்தில் ஸ்குரூ போட்டு வைத்த இட்லித் தட்டு, பின்னால் நீல டைல்ஸ். பிளக்கோடு வந்த வயரில், எலி கடித்த இடத்தில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. அந்த டேப்பைச் சுற்றியவள் நான். அது எங்கள் வீட்டு மிக்ஸி.

“பூட்டாதீங்க,” என்றேன். “அது என் வீடு. உள்ள இருக்கறது என் பொண்ணு.”

முதலில் பேசியவர் செல்வம் சார். “ஹமீது, நீ பேச்ச விடாத. மேடம், நீங்க கெளம்புங்க.”

கீர்த்தனா எனக்கு ஒரே மகள். அப்போதுதான் இன்ஜினீயரிங் காலேஜில் சேர்ந்திருந்தாள். அவள் அப்பா திருவெறும்பூரில் ஃபேக்டரி ஷிஃப்டில் இருந்தார். உள்ளே போன் அனுமதி இல்லை. கீர்த்தனாவுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கீழ்வீட்டுக் கோதை மாமியைக் கூப்பிட்டு, மேலே போய்க் கதவைத் தட்டுங்கள், அவளை அடுக்களையிலிருந்து வெளியே வரச் சொல்லுங்கள் என்றேன். மாமி ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் அவருக்கு முட்டிவலி; எங்கள் மாடிப்படி செங்குத்து. வாரன்டிப் பெரியவரைக்கூடப் பார்க்காமல் ஸ்கூட்டியை எடுத்தேன்.

காவிரிப் பாலத்தில் கோயிலுக்குப் போகும் வண்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஃபோரத்தில் நடந்ததை நான் பிறகுதான் படித்தேன். இன்றும் புது மாடரேட்டர்களுக்கு அதை எடுத்துக் காட்டுகிறேன்.

ஹமீது பிளக்கைப் பற்றிச் சண்டை போடவில்லை. பொய் சொன்னாய் என்று சொல்லவில்லை. ஆபத்து என்ற சொல்லையே அவர் பயன்படுத்தவில்லை. அவர் எழுதி, செல்வம் சார் சரி என்று சொல்லி வெளியே போனது இது: “இந்த மெஷின்ல ரெண்டு மாடல் இருக்கு. ரெண்டுக்கும் உள்ள பார்ட்ஸ் வேற. பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதோட போட்டோ வேணும். திருப்புறப்ப வயர் இழுபட்டா கன்ட்ரோல் போர்டு போயிடும், அப்புறம் மெஷினத் தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால மொதல்ல பிளக்க கழட்டிக்கோங்க. உள்ள ஸ்குரூ கிஸ்குரூ விழுந்தாலும் போர்டு போயிடும். கவர மேல வெச்சு மூடிட்டு, அப்புறமா மெதுவா திருப்புங்க.”

அவள் “சரி இருங்க” என்று எழுதினாள். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

பாலத்தின் நடுவில் போன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டினேன்.

“அல்ஹம்துலில்லாஹ். கழட்டிடுச்சுக்கா. ஸ்டிக்கர் போட்டோ வந்துருச்சு. ஓரத்துல பெரிய பிளக்கு தொங்குது. கவரும் மேல இருக்கு.”

எனக்கு வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்ய வரவில்லை. சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்பதே மறந்துபோனது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் இறங்கி வந்து, “என்னம்மா, பெட்ரோல் இல்லையா?” என்று கேட்டு, அவரே ஸ்டார்ட் செய்து கொடுத்தார்.

3. வீட்டில்

கீர்த்தனா மாடிப்படியில் மாமியோடு உட்கார்ந்திருந்தாள். மாமிக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. “கொழந்தைக்கு ஒண்ணும் இல்லை. நீ மொதல்ல செத்த உக்காரு, தீர்த்தம் சாப்பிடு,” என்றார்.

என்ன செய்யப் பார்த்தாய் என்று கேட்டேன். மெஷின் ஓடும்போதே உள்ளே ஒவ்வொரு இடமாக டெஸ்டரை வைத்துப் பார்த்தால் கரண்ட் எதுவரை வருகிறது என்று தெரிந்துவிடும் என நினைத்ததாகச் சொன்னாள். பெரிய பிளக் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இறுகி இருந்ததாம். கழற்றினால் ஓடாதே என்பதும் ஒரு காரணம். அதனால்தான் மிக்ஸி பிளக்கை வைத்துப் போட்டோ எடுத்தாளாம். நான் வருவதற்குள் சரிசெய்து, பாலைச் சூடாக்கி எனக்குக் காபி போட்டுத் தர நினைத்திருக்கிறாள்.

வீட்டு வயரிங்கைப் பார்க்கிற சாதாரண டெஸ்டர் அது. அடுக்களை மேடைமேல் கிடந்தது. அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“ஏன்டி என்கிட்ட கேக்கல?”

“உன்கிட்ட கேட்டா தொடாதன்னு சொல்லுவ. அதான் வேற பேர்ல கேட்டேன். அவங்க என்ன மாடல்னு கேட்டாங்க.”

“அதுக்காக பொய் போட்டோவா?” என்று கத்தினேன். மாமிதான், “ரெண்டு பேரும் நன்னா பேசுங்கோ, நான் எறங்கறேன்,” என்று சொல்லிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

4. தடை

மறுநாள் ஃபோரத்தில் ஒரு வேலை பாக்கி இருந்தது. பொய்ப் படம் போட்ட ‘காவிரிக்கரை’க்குத் தடை போட வேண்டும். தடைக்கும் இரண்டு பேர் ஒப்புதல் தேவை. ஹமீது தயங்கினார். ஆச்சரியம் என்னவென்றால், அன்று பூட்டச் சொன்ன செல்வம் சாரும் தயங்கினார்.

“பச்சப்புள்ள மேடம். பயந்து போயிருக்கும். விட்ருவோமே.”

“ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு நீங்கதானே சார் சொன்னீங்க,” என்றேன். முதல் ஒப்புதலை நான் போட்டேன். இரண்டாவதை அவர் போட்டார். காரணம் என்ற இடத்தில் ‘பிளக் படம் பொய்’ என்று எழுதினோம். கீர்த்தனாவிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, “கரெக்ட்தான்,” என்றாள். அந்த ஒரு சொல்லில் எனக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

அடுத்த ஞாயிறு அவளே கேட்டு ஹமீதின் கடைக்கு வந்தாள். பாலக்கரையில் ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கடை. மன்னிப்புக் கேட்டாள். ஹமீது கூச்சத்தோடு ஸ்டூலைத் துடைத்து உட்காரச் சொன்னார். அவளுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

“அண்ணா, அந்த மாடல் நம்பர வெச்சு எந்த பார்ட் போயிருக்குன்னு கண்டுபிடிச்சீங்களா?”

“அந்த நம்பர நான் படிக்கவே இல்லம்மா.”

“அப்புறம் ஏன் கேட்டீங்க?”

“உங்க உசுருக்கு ஆபத்துன்னு சொல்லியிருந்தா கழட்டியிருப்பீங்களா?”

அவள் உண்மையாகவே யோசித்தாள். “மாட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சிருப்பேன்.”

“எல்லாரும் அப்படித்தான். மெஷினுக்கு ஆபத்துன்னாதான் கேப்பாங்க.” ஹமீது சிரிக்கவில்லை. கையில் இருந்த போனின் பின்மூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டே சொன்னார்.

கீர்த்தனா அழுதது அப்போதுதான். வீட்டில் நான் கத்தியபோதுகூட அவள் அழவில்லை.

அந்த வாரமே விதியை மாற்றினோம். மாற்றத்தை எழுதியவர் செல்வம் சார். பொய்ப் படம் வந்தால் உடனே பூட்டக் கூடாது. முதலில் பின்பக்கத்து ஸ்டிக்கர் படம் கேட்க வேண்டும். நிஜ பிளக் வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே தண்டனை. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எங்களைத் திட்டிக்கொண்டே மெஷினைத் திருப்பி வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

சிவப்பு வரிசையின் மணி அடித்தால் இன்றும் கீர்த்தனா எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டுதான் படத்தைத் திறப்பேன். ஆனாலும் என் முறையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. முகம் தெரியாத ஒருவரின் வீட்டுக்குள் பாலக்கரையில் உட்கார்ந்தபடி கையை நீட்டி பிளக்கைக் கழற்ற முடியும் என்று காட்டியவர்களோடு வேலை செய்கிறேன். என் வேலையில் இதைவிடப் பெரிய மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

புதிதாக வருகிற மாடரேட்டர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பொய் சொல்கிறார் என்று தெரிந்தாலும் பேச்சை விடாதீர்கள். உங்களுக்குப் பதில் டைப் செய்துகொண்டிருக்கிற கை, அந்த நேரத்தில் மெஷினுக்குள் இருக்காது.