ஓட்டை விழுந்த இலை

அம்மாவின் தங்கை, என் சித்தி, வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டது ஊருக்குத் தெரியாது. ஏஜென்சிக்காரனை நம்பிப் போகிறவர்கள் போய்ச் சேரும்வரை வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. சொன்னால் பயணம் தடைப்பட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கோ வாய் நீளம். அதனால் சித்தி கொழும்பில் படிக்கிறார் என்றுதான் எனக்கும் சொன்னார்கள். நானும் எங்கள் ஊர் புளியங்குளம் முழுக்க அதைப் பரப்பிவிட்டேன்.

சித்தி எங்களிடம் விட்டுப் போனது ஒரு செடி. வவுனியாவில் வேலை செய்த இடத்தில் தண்டு வாங்கிவந்து பெயிண்ட் வாளியில் வளர்த்தது. ஒவ்வொரு இலையும் தாம்பாளம் அளவு. பூவும் இல்லை, காயும் இல்லை, கறிக்கும் ஆகாது. வயல் செய்கிற அப்பாவுக்கு அது வீட்டுக்குள் இருப்பதற்கான நியாயமே விளங்கவில்லை. மண்ணில் விரலை வைத்துப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், கிழமைக்கொரு தடவை ஈரத்துணியால் இலையைத் துடைக்கவேண்டும், யன்னலடி வெளிச்சம் போதும், வெயிலில் வைக்கக்கூடாது. இவ்வளவும் சொன்ன சித்தி முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்துபோனார்.

எங்கள் வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடைப்பதும் அந்த யன்னலடியில்தான். அம்மா ஓரிடத்தில் இருக்கமாட்டார். உலையை வைத்துவிட்டு யன்னலடிக்கு வருவார், உடுப்பைத் தோய்த்த கையோடு திரும்பவும் வருவார். போன் அடிக்காத நாட்கள் நீண்டுகொண்டே போயின. அவர் செடியைத்தான் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். அந்தப் பதற்றம் எனக்கும் தொற்றிக்கொண்டது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் செடியிடம் ஓடுவேன்.

ஒருநாள் புதிதாய் விரிந்த இலையில் ஓட்டைகள். புழுதான் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். டோர்ச் அடித்து இலையைப் பிரட்டிப் பார்த்தும் ஒரு புழுவும் இல்லை. அதற்கெல்லாம் மசிகிற ஆளா அவர்? வயலுக்கு மருந்தடிக்கிற டாங்கியை முதுகில் கொளுவிக்கொண்டு ஹோலுக்குள் வந்து நின்றார். அம்மா சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். நோய் பரவாமலிருக்க ஓட்டை இலையையும் அப்பா வெட்டிவிட்டார்.

அடுத்த இலை இன்னும் பெரிய ஓட்டைகளோடு வந்தது. அதையும் வெட்டினார். கண்ணூறுதான் என்று அம்மா உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். பிறகு செடிக்கு முன்னால் நின்று மெல்லக் கேட்டார்.

"அவளின்ர மரத்துக்கு ஏன் இப்பிடி நடக்குது?"

"மரத்துக்கும் அவளுக்கும் என்ன கதை? பேசாமல் இரும்," என்றார் அப்பா.

சொன்னவர்தான் வரம்பு வேலையை அரைவாசியில் விட்டுவிட்டு மத்தியானமே வந்து இலையைப் பார்த்தார்.

மற்றுமொரு இலை விரிந்து, அதையும் அப்பா வெட்டிக்கொண்டிருந்த காலையில்தான் போன் அடித்தது. நீளமான, தெரியாத நம்பர். அம்மா ஈரக்கையோடு பாய்ந்து எடுத்தார். சேர்ந்திட்டியோ, சாப்பிட்டியோ என்று இரண்டையும் மாறிமாறிக் கேட்டார். பழைய போன், அந்தப் பக்கத்துக் கதை எல்லாருக்கும் கேட்கும். தான் சுகம் என்று சொன்ன சித்தி அடுத்த மூச்சிலேயே கேட்டார்.

"அக்கா, இலையில ஓட்டை விழத் தொடங்கீட்டுதோ? ஓட்டை விழுந்தால்தான் அது நல்லா வளருது எண்டு அர்த்தம்."

அம்மா இலை வெட்டுப்பட்ட மொட்டைக் காம்புகளைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா வெட்டிய இலையைச் சித்திக்குத் தெரியாமல் ஒளிப்பவர்போல முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"ஓம் ஓம். வடிவா விழுந்திருக்கு," என்றார் அம்மா.

போனை வைத்ததும் சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்து சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அப்பாவும் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார். எனக்கு அம்மா பாவமாக இருந்தது. பக்கத்தில் போயிருந்து, "அழாதேங்கோ அம்மா, அடுத்த இலை வரும்தானே," என்றேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதார்.

ஒரு செடிக்குப் போய் இப்படியும் அழுவார்களா என்று எனக்குச் சரியான எரிச்சல்.