மலைக்குப் போய்வரும் கிளைவியா

அன்று காலை நான் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு பாண்டிருப்பில் கல்முனைப் பக்கமாக இருக்கிறது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி எங்கள் குசினிவரை கேட்கும். ஜனாஸா அறிவித்தல் என்று தொடங்கினால் யாரோ இறந்திருக்கிறார்கள்; கை தன் வேலையைப் பார்க்கும், காது பெயருக்காகக் காத்திருக்கும். றஸாக் என்றார்கள். கல்முனையில் ஒரு கல்லை எறிந்தால் அது ஏதோ ஒரு றஸாக்கின் மீதுதான் விழும் என்பதால் நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். அடுத்து "ஓய்வுபெற்ற தபாலதிபர்" என்று வந்தது. கத்தியை வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முதல் நாள் மாலைகூடத் தொலைபேசியில் பேசியிருந்தார். என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டாரே என்று, மனிதர் ஏதோ பஸ் ஏறிப் போனதைப்போலக் கோபப்பட்டேன். நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டதாம்.

அண்ணன் முறையில் நாங்கள் அழைத்த றஸாக் நானாவைத் தெரிந்தவர்கள் இந்தக் கரையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவர் நேர்மையானவர், தொழுகையாளி, சின்னப் பிள்ளையையும் 'நீங்க' என்று அழைப்பவர் என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் வளர்த்த ஒரு பூச்செடியின் கதை மட்டும் முழுதாகத் தெரிந்தவர்கள் குறைவு. அதையே எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே தபால் கந்தோரில் நெடுங்காலம் வேலை செய்தோம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பொதி அனுப்பத் தாய்மார் வருவார்கள். சாரியின் கிழிசலால் கட்டிய பொதி, சாக்கு நூலால் கட்டிய பொதி எல்லாம் வரும். நானா ஒவ்வொன்றையும் அவிழ்த்துத் தன் கையால் மறுபடி கட்டுவார். வரிசை வாசலைத் தாண்டும். "நானா, இது உங்கட வேலையில்லயே" என்று நான் பல்லைக் கடித்தால், "அவிழ்த்துக் கட்டினாத்தான் தங்கச்சி எனக்கு ராவைக்கு நித்திரை வரும்" என்பார். பொதியின் மேலே அம்புக்குறி போட்டு 'இந்தப் பக்கம் மேல்' என்று எழுதாமல் எதையும் விடமாட்டார். சீனி மூட்டையிலும் எழுதியிருக்கிறார்.

அவருடைய மனைவி, அக்கா முறையில் நான் அழைக்கும் ஃபரீதா ராத்தா, நுவரெலியாவில் பிறந்தவர். நானா இளவயதில் அங்கே வேலை பார்த்தபோது, கந்தோருக்கு எதிரே கடை வைத்திருந்தவரின் மகள். குளிரில் வளர்ந்த பெண் எங்கள் கடற்கரை வெயிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, முதல் வருடம் முழுக்க ஈரத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு திரிந்த கதையை அவரே சொல்லிச் சிரிப்பார். நானா ஓய்வுபெறச் சற்று முன்னர் ராத்தாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்தது. பேச்சும் நாளுக்கு ஒன்றிரண்டு சொல்லாகக் குறைந்தது. ஒருமுறை வான் பிடித்து ஊருக்குக் கூட்டிப்போகப் பார்த்தார்கள். மலை வளைவுகள் தொடங்கியதுமே ராத்தாவின் உடம்பு தாங்காமல் பாதி வழியில் திரும்பினார்கள். அதற்குப் பிறகு மலைப் பயணமே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ராத்தா கட்டிலில் கிடந்தபடி ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்: "வாப்பாட வாசல்ல நிண்ட பூ."

நானா தனியே நுவரெலியாவுக்குப் போனார். ராத்தாவின் தந்தை வீடு எப்போதோ கைமாறியிருந்தது, ஆனால் மதிலோர நிழலில் அந்தச் செடி நின்றிருக்கிறது. புது வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஒரு குத்தைக் கிளறிக் கொடுத்திருக்கிறார். அங்குள்ள பூந்தோட்டக்காரர் ஒருவர்தான் பெயர் சொன்னாராம்: கிளைவியா. தென்னாபிரிக்காவில் காட்டு மரங்களின் கீழே, நிழலில் வளர்வது. நானா அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். இங்கே வெயிலுக்கு இது சரிவராது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னோம். "தென்னாபிரிக்காவில இரிந்து நுவரெலியாவுக்கு வந்த மரம், மறுகா கல்முனைக்கு வராதா?" என்றார்.

வந்தது. நன்றாகவே வளர்ந்தது. மாமரத்தின் வடபக்க நிழலில், தேங்காய்த் தும்பும் பருமணலும் உடைந்த ஓட்டுத்துண்டும் கலந்த சட்டியில் வைத்தார். சட்டி கொஞ்சம் நெருக்கமாக இருந்தால்தான் அதற்கு விருப்பம் என்றார். இடுப்புப்பட்டிபோல அகன்ற கரும்பச்சை இலைகள் இருபக்கமும் விரிந்தன. தண்ணீர்தான் அதற்கு எதிரி. வேர் விரல்போலத் தடிப்பானது, ஈரம் தங்கினால் அழுகிவிடும். ராத்தாவைப் பார்க்க வருகிற பெண்களெல்லாம் 'பாவம் ராத்தாட பூமரம்' என்று ஆளுக்கொரு கோப்பை ஊற்றிவிட்டுப் போவார்கள். நானா ஓடி வந்து தடுப்பார். "பாசம் கூடினாத்தான் இந்த மரம் சாகும் புள்ள, கொஞ்சம் குறைங்க."

ஆனால் பூக்கவில்லை. வருடம் போனது, இலைதான் வந்தது. "நானா, இது பூமரமா கீரையா?" என்று நான் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. அன்று அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு விளங்கியது. ராத்தா ஒவ்வொரு நாளும் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் இலையைக் காட்டி அவரை எத்தனை காலம் சமாளிப்பது?

விசாரித்துப் பார்த்தார். சில வாரங்கள் தொடர்ந்து குளிர் பிடித்தால்தான் அதற்குள் மொட்டு உருவாகுமாம். கல்முனையில் குளிருக்கு எங்கே போவது? மீன் ஏற்றுகிறவர்களிடம் போனார். அவர்கள் மீன் அடுக்கும் பெரிய ரெஜிபோம் பெட்டி ஒன்றை வாங்கி, அடியில் ஐஸ் பரப்பி, மேலே சட்டியை வைத்து, தினமும் ஐஸ் மாற்றினார். சீலா மீனும் சூரையும் கிடந்த பெட்டியில் ஒரு பூச்செடி! "நானா, கருவாடு போடுறீங்களோ?" என்று நான் கேட்டேன். இந்தமுறை சிரித்தார். மீன்காரர் குளிர் கூடுவதற்காக ஐஸில் உப்பைச் சேர்ப்பார்கள் என்பது கடற்கரையில் பிறந்த எங்கள் இருவருக்கும் தெரியும். இருவருக்குமே அது நினைவில் வரவில்லை. உப்புத் தண்ணீர் சட்டியின் ஓட்டை வழியே மேலே ஏறி, நுனியிலிருந்து இலை கருகியது. சட்டியைக் கவிழ்த்தபோது வேரெல்லாம் கஞ்சியாகக் கிடந்தது. நானா அழுகியதை வெட்டி, மிச்சத்தைக் கழுவி, நிழலில் உலர்த்தினார். பக்கக் கன்று ஒன்றுதான் தப்பியது. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அதற்குப் பிறகுதான் லொறி யோசனை வந்தது. நுவரெலியாவிலிருந்து கல்முனைச் சந்தைக்குக் கரட்டும் லீக்ஸும் கோவாவும் என்று மரக்கறி வருகிறதல்லவா? அதே லொறி திரும்பும்போது இங்கிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறது. செடி குளிருக்குப் போய்வரட்டுமே என்றார் நானா. கன்று பெரிதாகும்வரை பொறுத்திருந்து, செல்வம் என்ற சாரதியைப் பிடித்தார். செல்வத்தின் தாய் நுவரெலியாவில் தன் வீட்டு வாசலில் அதை வைத்துப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார். மார்கழியில் கருவாட்டோடு போய், மாசியில் கரட்டோடு திரும்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். நானா சட்டியைச் சுற்றித் தும்புக்கயிற்றால் கூடுபோலக் கட்டினார். ஒரு சிறு பலகைத் துண்டில் அம்புக்குறி போட்டு, 'இந்தப் பக்கம் மேல்' என்று எழுதி, கீழே விலாசமும் எழுதினார். அனுப்புபவர் றஸாக், கல்முனை. பெறுபவர் றஸாக், கல்முனை. "உங்களுக்கு நீங்களே அனுப்புறதுக்கு என்னத்துக்கு நானா விலாசம்?" என்றேன். "விலாசமில்லாத சாமான் வழியில நிண்டிரும் தங்கச்சி" என்றார்.

முதல் வருடமே மொட்டோடு வந்தது. இலைகளின் நடுவில் தடித்த தண்டு, அதன் தலையில் பச்சை விரல்கள் கூட்டாக. அது விரிந்த அன்று நானும் போயிருந்தேன். செம்மஞ்சள் நிறம், உள்ளே மஞ்சள், ஒரே கொத்தில் கைநிறையப் பூக்கள். ராத்தா வாயைத் திறந்து பார்த்தார். பிறகு இடக்கையால் நானாவின் சாறனைப் பிடித்து இழுத்து, பூவைக் காட்டி, "பாருங்க" என்றார். பூவை வாங்கி வந்தவருக்கே பூவைக் காட்டுகிறார்! நானா அப்போதுதான் பார்ப்பவரைப்போல, "ஓம் ஃபரீதா, என்ன வடிவு" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் நடந்தது. ராத்தா காட்டும்வரை நானா அந்தப் பூவை ஏறிட்டும் பார்க்கமாட்டார்.

இந்த மார்கழியிலும் செடியை ஏற்றி அனுப்பினார். அது மலையில் இருக்கும்போது அவர் போய்விட்டார்.

மையத்து வீட்டில் நான் ராத்தாவின் பக்கத்திலேயே இருந்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். ராத்தா அழவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் அழவில்லை, ஒரு சொல்லும் பேசவில்லை. கொடுத்த கஞ்சியைக் குடித்தார், திருப்பிப் படுக்க வைத்தால் படுத்தார். மகள் ஷிஃபா என்னைக் கூடத்துக்கு அழைத்துப்போய், "அன்ட்டி, வாப்பா மௌத்தானது உம்மாவுக்கு விளங்கினயா இல்லயா எண்டே தெரியல்ல. அழுதாலாவது மனசு ஆறும்" என்று விம்மினாள். ராத்தாவின் அந்த மௌனம்தான் மரணத்தைவிட எங்களைப் பயமுறுத்தியது.

மாசியில் ஒரு விடியற்காலை ஷிஃபா தொலைபேசியில் அழைத்தாள். லொறி வந்துவிட்டதாம், புருஷன் வெளிநாட்டில், உம்மாவை விட்டுவிட்டுப் போக முடியாது என்றாள். நான் ஓட்டோ பிடித்துச் சந்தைக்குப் போனேன். செல்வத்துக்குச் செய்தி அங்கேதான் தெரிந்திருக்கிறது. கரட் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து நின்றான். "அக்கா, அய்யா போன வாட்டி பேசினப்பகூட, தண்ணி ஊத்திடாதீங்கன்னு அம்மாகிட்ட சொல்லச் சொன்னாருக்கா" என்றான். பலகைத் துண்டு கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பெறுபவர் இறந்துவிட்டால் பொதியை அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும் என்பது நாங்கள் இருவரும் படித்த விதி. அனுப்பியவரும் அவரே. நடுச் சந்தையில், கோவா மூட்டையில் சாய்ந்துகொண்டு, அன்றுதான் நான் நானாவுக்காக அழுதேன்.

மொட்டு நன்றாகத் திரண்டிருந்தது. கொண்டுபோய் அறை வாசலில் வைத்தால், நானாவின் மூத்த சகோதரி மறித்தார். அவர் கெட்டவரில்லை, மார்க்கத்துக்குப் பயந்தவர். "இத்தா இரிக்கிற பொம்புளட அறைக்குள்ள பூவா? ஊரு என்ன கதைக்கும்?" என்றார். கணவனை இழந்தவர் இத்தா நாட்களில் அலங்காரத்தையும் வாசனையையும் விலக்கி வீட்டுக்குள்ளேயே இருப்பது அவர்கள் மார்க்கம். நான் வேறு வீட்டுக்காரி, இதில் வாயைத் திறப்பதற்கில்லை. ஷிஃபா அத்தைக்கும் சட்டிக்கும் நடுவில் நின்று தவித்தாள். பிறகு மௌலவிக்குத் தொலைபேசி எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

அவர் முழுவதையும் கேட்டார். "பூவ அவங்க சூடப் போறாங்களா?" என்றார்.

"இல்ல ஹஸ்ரத். சட்டியில நிக்கிற மரம்."

"வாசம் இரிக்கா?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப வையுங்க. அலங்காரம்தான் கூடா. அல்லாஹ் படைச்ச மரத்தப் பாக்கிறதுக்கு இத்தா தடையில்ல."

அந்த மூத்த சகோதரியே குனிந்து சட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். யன்னலோரம், ராத்தாவின் கண்ணுக்கு நேரே வைத்தோம்.

பூ விரிந்த காலையில் ஷிஃபா என்னை வரச்சொன்னாள். ராத்தா பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இடக்கை மெல்ல எழுந்தது. கட்டிலின் ஓரத்தில், நானா வழக்கமாக நிற்கும் இடத்தில், எதையோ பிடிக்கத் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. கையைத் திருப்பித் தன் முகத்துக்கு முன்னால் வைத்துப் பார்த்தார். "இவர் பாக்கல்லயே" என்றார். அதன் பிறகுதான் அழுதார். அந்த அழுகைக்காகத்தான் நாங்கள் இத்தனை நாள் காத்திருந்தோம், ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எங்களில் ஒருவராலும் முடியவில்லை. ஷிஃபா கட்டிலில் ஏறித் தாயைக் கட்டிக்கொண்டாள். நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பூமரம் வளர்க்கத் தெரியாது. என் வீட்டில் துளசியே தானாக முளைத்து, என்னையும் மீறி வளர்ந்தது. இருந்தும், நானாவிடமிருந்து எனக்கென்று வந்து சேர்ந்திருப்பது இந்த வேலைதான்: ஈரம் பார்த்துத் தண்ணீரைக் குறைப்பது, வெயில் திரும்பினால் சட்டியைத் திருப்புவது, மார்கழி வந்தால் கயிறு கட்டி லொறியில் ஏற்றுவது. முடிச்சுப் போட அவரிடமே கற்றுக்கொண்டிருக்கலாம். வரிசை நிற்கிறதே என்று கத்திக்கொண்டிருந்துவிட்டேன்.

சென்ற வாரம் கடைசிப் பூவும் வாடி விழுந்தது. ஷிஃபா அதைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ராத்தா என் பக்கம் திரும்பினார்.

"வசந்தி, வாற வருசமும் வருமா?"

"ஓம் ராத்தா, வரும்" என்றேன்.

சொல்லிவிட்டேன். இனி அது வரவேண்டும்.