தேவா ‘இல்லை’ என்று எழுதிய தட்டான்

தேவா போய்விட்டான். காலையில் ஆபீஸ் குரூப்பில் பார்த்தேன். ஹார்ட் அட்டாக்... கோவில்பதாகை வீட்டிலேயே.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒன்பது வருஷம் குவாலிட்டி செக்‌ஷனில் எனக்குப் பக்கத்து டேபிள். ஞாயிற்றுக்கிழமையானால் என் பைக்கில் ஏரி ஏரியாகப் போவோம், தட்டான்பூச்சி பார்க்க. போட்டோ நான், பெயர் சொல்வது அவன்.

நிறத்தை வைத்து நான் ஏதாவது உளறினால் எரிந்து விழுவான். “கலர நம்பாத மாமே. இளசா இருக்கசொல்ல மஞ்சளா கீது, முத்துனா செவப்பாயிடுது. கண்ணு ஒட்டிகினு கீதா, தள்ளி கீதா, அத்த பாரு.”

லிஸ்ட் எழுதும்போது இன்னும் மோசம். “பாக்கலன்னா பாக்கலன்னு எழுது. இல்லன்னு எழுதறதுக்கு நீ யாரு?”

பாரிவாக்கம் பக்கம் ஒரு குட்டை, ஊரில் சாக்கடை என்றுதான் சொல்வார்கள். அங்கே ஒருநாள் கறுப்பில் மஞ்சள் பட்டை போட்ட பெரிய தட்டான்... சிறகை விரித்து உட்காருகிற தட்டானுக்குப் பெரும்பாலும் கண் ஒட்டியிருக்கும், இதுவும் விரித்துத்தான் உட்கார்ந்திருந்தது, ஆனால் கண் இரண்டும் தள்ளித் தள்ளி. வால் நுனியருகே இலை மாதிரி மடல்.

இரண்டு விரலால் சிறகைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தேவா கத்தினான். “இது வேற குடும்பம் மாமே! சாக்கடைன்னா இது இங்க வருமா?”

அடுத்த வருஷம் அந்தக் குட்டையை மூடி மனை போட ஒரு பில்டர் வந்தார். நாங்கள் சிலர் மனு கொடுத்தோம். பில்டர் தரப்பில் பதிலுக்கு ஓர் ஆய்வறிக்கை காட்டினார்கள்.

சாக்கடையைத் தாங்கும் தட்டான்கள் மட்டுமே உள்ளன. கண் விலகிய பெரிய தட்டான் வகை: இல்லை. கீழே, ஆய்வு செய்தவர் என்று தேவாவின் கையெழுத்து.

‘பார்க்கவில்லை’ என்றுகூட இல்லை. ‘இல்லை’.

கேன்டீனில் வைத்துக் கேட்டேன். “வுடு மாமே. பொண்ணுக்கு அவங்க ஆபீஸ்ல வேலை சொல்லிகீறாங்க. ஒரு பூச்சிக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கோவம்?”

பூச்சியாம்... நம்பவைத்துக் கழுத்தை அறுத்தவன் பேசுகிற பேச்சு. அன்றோடு பேச்சை நிறுத்தினேன், டேபிளையும் மாற்றிக்கொண்டேன். குட்டை இருந்த இடத்தில் இப்போது வீடுகள்.

ஆள் செத்தால் கோபமும் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை.

இந்தப் பதிவோடு போட அவன் படம் தேடினேன். ஒன்பது வருஷத்தில் முகம் தெரிகிற படம் ஒன்றுகூட எடுக்கவில்லை, எல்லாம் தட்டான்.

இது ஒன்றில் மட்டும் அவன் இரண்டு விரல் இருக்கிறது. விரலுக்கு நடுவில் அந்தப் பாரிவாக்கம் தட்டான்.

நாளைக் காலை எடுக்கிறார்களாம். வருகிறேன் தேவா... பேசத்தான் மாட்டேன்.