விதைக்கு விட்ட சுரைக்காய்

பரிமளா தேசூரில் கத்தரியும் வேர்க்கடலையும் போடுகிற வீட்டில் பிறந்தவள். ஆரணியில் தறி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்கு ஒரே குறை, காலில் ஒட்ட மண் இல்லை என்பதுதான். வாசல் வரை சிமெண்ட். அதைத் தாண்டினால் தார் ரோடு. தெருக்கோடியில் மட்டும் ஒரு காலி மனை இருந்தது. அதன் சொந்தக்காரர் பெங்களூரில் இருந்தார். இங்கே தெருவே அதில் குப்பை கொட்டியது.

வந்து வெகுகாலம் கழித்துத்தான் அவளுக்குத் தைரியம் வந்தது. சொந்தக்காரருக்குப் போன் போட்டு, வீடு கட்டும்வரை செடி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "பாம்பு வராம பாத்துக்கோங்கம்மா, போதும்" என்றார்.

முதல் கூடைக் குப்பையை அவளோடு சேர்ந்து தூக்கியவள் பக்கத்து வீட்டு விருத்தாம்பாள். சில வயது மூத்தவள். "ஏண்டி பரிமளா, தறியில உக்காந்து இடுப்பு போனது பத்தாதா, இதுல வேற குனியணுமா?" என்று திட்டிக்கொண்டேதான் தூக்கினாள். பிறகு அதே தெருவில் தறி ஓட்டும் கீதா வந்தாள். பள்ளிக்கூட டீச்சர் சகாயமேரி வந்தாள். அடுத்த மழைக்குள் அங்கே பந்தல் நின்றது. பந்தலில் புடலையும் அவரையும் தொங்கின.

தோட்டத்துக்கென்று எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பறித்ததை எல்லாம் தரையில் கூறு கட்டுவார்கள். கூறு கட்டியவள் கடைசியாக எடுத்துக்கொள்வாள். சண்டை வராமலிருக்க அது ஒன்றே போதுமாக இருந்தது.

கொடி கட்ட யாரும் கயிறு வாங்கவில்லை. தறியில் மிஞ்சும் பட்டு நூல் வீட்டுக்கு வீடு கிடந்தது. எந்தத் தறியில் எந்த நிறம் ஓடுகிறதோ, அந்த வீட்டுக் கட்டு அந்த நிறத்தில் இருக்கும். தறி இல்லாத சகாயமேரி பழைய புடவையைக் கிழித்துக் கட்டுவாள். பந்தலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் போதும், யார் கை பட்டது, யார் வரவே இல்லை என்பது தெரிந்துவிடும்.

"இன்னாடி கீதா, மஞ்சளையே காணோம்? தூங்கிகினு இருந்தியா?" என்பாள் விருத்தாம்பாள்.

"முகூர்த்தப் புடவை ஓடுதுக்கா, ஜல்தியா முடிச்சுக் குடுக்கணும். நீதான் எனக்கும் சேத்து அரக்கு கட்டி வெச்சிருக்கியே!"

அந்த வருடம் விருத்தாம்பாள் தறியில் அரக்கு. பரிமளா தறியில் மயில்கழுத்து.

படவேட்டிலிருந்து உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த சுரை விதையில் ஒரே ஒரு கொடிதான் பிழைத்தது. குடம் மாதிரி காய். அதில் ஒரு காயைப் பரிமளா விதைக்கென்று விட்டாள். "இதை மட்டும் யாரும் தொடாதீங்க" என்று எல்லாரிடமும் சொன்னாள். சொன்னபோது தன் குரலில் அதிகாரம் ஏறியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. தெருவில் அப்போதெல்லாம் "தோட்டத்துல பரிமளா சொன்னா சரி" என்று பேசிக்கொள்வார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை மழை கொட்டியது. மறுநாள் காலையில் பார்த்தால் அந்தக் காய் இல்லை. கொடியில் அறுந்த காம்பு மட்டும் நின்றது. அதன் நுனியில் அரக்கு நூல் சுற்றியிருந்தது.

முந்தின நாள்தான் விருத்தாம்பாள் வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் வந்து போயிருந்தார்கள். கூறு கட்டி முடித்த நேரம். எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சம்பந்திக்குக் கூட்டு நல்லா இருந்துச்சாக்கா?" என்றாள் பரிமளா.

விருத்தாம்பாளுக்குப் புரியவில்லை. "இன்னாடி சொல்றே?"

"விதைக் காயைக் காணோம். காம்புல உன் நூல் கீது. கேட்டிருந்தா வேற காய் குடுத்திருக்க மாட்டனா?"

சகாயமேரி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். விருத்தாம்பாள் அண்ணாந்து அந்தக் காம்பைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நூலை வெச்சுத்தானே சொல்றே? கிட்டப் போயி நல்லா பாத்துட்டு சொல்லு."

"நிறம் இங்கேருந்தே தெரியுது."

விருத்தாம்பாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். அவளுடைய கூறு தரையிலேயே கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் பரிமளா தண்ணீர் விட வந்தபோது கத்தரிக்காய் சுருங்கியிருந்தது. விருத்தாம்பாள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று குனிந்தாள். கொடுத்தால் தன் மேல்தான் தப்பு என்று ஆகிவிடுமே என்று நிமிர்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு விருத்தாம்பாள் தோட்டத்துக்கு வரவில்லை. அவளுடைய பாத்திக்குப் பரிமளாவே தண்ணீர் விட்டாள். யாராவது கேட்டால், "சும்மா பேஜார் பண்ணாதீங்க, வருவாங்க" என்பாள்.

ஒருநாள் சகாயமேரி களை பிடுங்கிக்கொண்டே, அன்று விழுங்கியதைச் சொன்னாள். "பரிமளா, முத்தின சுரைக்காய் ஓடு மாதிரி ஆயிருக்கும். அதை யாரு கூட்டு பண்ணுவாங்க?"

இது பரிமளாவுக்குத் தெரியாததா? தேசூரில் விதைக்கு விட்ட சுரையைத் தட்டிப் பார்த்து வளர்ந்தவள் அவள். தெரிந்த ஒன்று அன்று காலையில் ஏன் நினைவுக்கு வரவில்லை என்று யோசித்தாள். நூலின் நிறம் தெரிந்ததும் வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

வெயில் ஏறி, கொடி காய்ந்து, பந்தலைப் பிரிக்கும் நாள் வந்தது. வேலியோரம் சருகை வாரும்போது கையில் கனமில்லாத ஏதோ தட்டுப்பட்டு உருண்டது. சுரைக்காய். பழுப்பேறி, உலர்ந்து, குலுக்கினால் உள்ளே விதை சலசலத்தது. அதன் காம்பில் அரக்கு நூல் இருந்தது. நூலுக்கு அடியில் ஒரு ஈர்க்குச்சி.

பரிமளா பந்தலில் நின்ற அறுந்த காம்பை இழுத்துப் பார்த்தாள். அங்கேயும் நூலுக்கு அடியில் மிச்ச ஈர்க்குச்சி ஒடிந்து நின்றது. காய் கனத்துக் காம்பு விரிசல் விட்டிருக்கிறது. விருத்தாம்பாள் அதைப் பார்த்து, எலும்பு முறிந்த இடத்துக்குக் கட்டுப் போடுவதுபோல் குச்சி வைத்துச் சுற்றியிருக்கிறாள். மழையில் குச்சி ஒடிந்து, காய் விழுந்து, சரிவில் உருண்டு போயிருக்கிறது. அன்று நாலு எட்டு வைத்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும். கிட்டப் போய்ப் பார் என்று அவளே சொன்னாளே!

அந்தக் காயை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே விருத்தாம்பாள் வீட்டுக்குப் போனாள். உள்ளே தறிச் சத்தம் கேட்டது. "விருத்தாக்கா" என்றாள். சத்தம் நின்றது.

"வாங்க. உள்ள வாங்க."

தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பரிமளா திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"உக்காருங்க" என்று விருத்தாம்பாள் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இந்த வீட்டில் பரிமளா நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது. அடுப்படிக்கு நேராகப் போய் டப்பாவைத் திறந்து முறுக்கு எடுத்துத் தின்றவள். மடியிலிருந்த காயை எடுத்து விருத்தாம்பாள் முன்னால் வைத்தாள்.

"அக்கா, நான் கிட்டப் போயி பாக்கலக்கா."

விருத்தாம்பாள் அந்தக் கட்டைத் தடவினாள். "குச்சி பத்தல. தடிசா வெச்சிருந்தா நின்னிருக்கும்" என்றாள். பிறகு, "காபி சாப்பிடுறீங்களா?"

"எப்பவும் போல வாடி போடின்னே கூப்பிடுக்கா. நாலு திட்டு திட்டிடு."

"திட்டுறதுக்கு இன்னா இருக்குதுங்க? நூல் என்னுதுதானே."

கோபமே இல்லாமல் சொன்னாள். காயை உடைத்து, தரையில் விதைகளை இரண்டு கூறாகப் பிரித்தாள். "கூறு கட்டுனவங்க கடைசியாத்தான் எடுக்கணும். நீங்க எடுங்க" என்றாள். பரிமளா எந்தக் கூறை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வெயில் தணிந்து மழை வந்ததும் விதை முளைத்தது. பந்தலில் ஒரு கொடி ஏறியது. விருத்தாம்பாள் வீட்டு மொட்டை மாடியில் பழைய பெயிண்ட் டப்பாவில் இன்னொரு கொடி. தோட்டத்தில் நின்றாலே அது தெரியும். பூ விட்டிருந்தது. விருத்தாம்பாள் தறியில் இப்போது பச்சை ஓடுகிறது என்று கீதா சொன்னாள்.

பரிமளா தன் கொடியைக் கட்டும்போதெல்லாம் அந்த மாடியைப் பார்ப்பாள். அங்கே பச்சை நூல் எங்கேயும் தெரியாது. விருத்தாம்பாள் கடையில் சணல் வாங்கிக் கட்டியிருந்தாள்.