அண்ணியின் மேசை

எங்கள் அண்ணிக்குத் தொழிலே திட்டு வாங்குவதுதான். குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறார். காலையில் ஹெட்போனை மாட்டினால் ஊரே அவர் காதுக்குள் வந்து கத்தும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர், வருகிற தண்ணீர் நாறுகிறது என்று இன்னொருவர், தண்ணீர் வந்த நேரத்தில் தான் வீட்டில் இல்லையே என்று ஒரு மகானுபாவர். அண்ணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வார். "ரெண்டு நாளா தண்ணி வரல, வந்ததும் கலங்கலா இருக்கு. அப்படித்தானே சார்?" அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். தண்ணீர் வருவது வேறு விஷயம், அது வாரியத்தின் இஷ்டம்.

அப்படிக் கத்தியவர்களில் ஒருவர் பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லிக்கொடுக்கிற பேராசிரியை. கத்தி முடித்த கையோடு அண்ணியை வேலைக்குப் பிடித்துவிட்டார், சம்பளம் இல்லாத வேலைக்கு. மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தை ஊருக்குத் திறந்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். முதலில் ஏதாவது ஒரு பழைய கதையிலிருந்து ஒரு பக்கம் படிப்பார்கள். பிறகு மேசைக்கு மேசை பேச்சு. பேராசிரியர்கள் வாயைத் திறக்கக் கூடாது, மேசையை நடத்துவது ஊர்க்காரர்கள்தான். பச்சை மேசை அண்ணியுடையது.

அங்கே ஒரே ஒரு விதி. ஒருவர் சொன்னதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் நம் வாய் திறக்கலாம். திருப்பிச் சொல்ல வராதவருக்குப் பதிலாக மேசையை நடத்துபவர் சொல்ல வேண்டும். பேராசிரியை இதை ஏதோ புத்தகத்தில் படித்ததாகச் சொன்னார். எனக்கென்னவோ அண்ணியிடம் சுட்டதாகத்தான் பட்டது. நான் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன், முன்கோபி. ஒரு தடவை, வாடகைக்கு இருப்பவர்களெல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னதை என் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு புரளவே இல்லை. மற்றபடி நான் அங்கே போனதெல்லாம் டீக்கும் பிஸ்கட்டுக்கும்தான்.

அந்தச் சனிக்கிழமை மட்டும் அண்ணிக்குக் காவலாகப் போனேன்.

என் அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுநர். சில மாதங்களுக்கு முன்னால், டிப்போவுக்குக் காலியாகத் திரும்பிய அவர் வண்டியில் ஆஸ்பத்திரி வளைவில் ஒரு பெண் அடிபட்டு இறந்துபோனாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள், சின்ன வயசு. ஓட்டுநர்கள் தங்கள் போனை டிப்போ அலமாரியில் பூட்டிவைத்துவிட்டுத்தான் வண்டி எடுக்க வேண்டும். அண்ணனும் பூட்டித்தான் வைத்திருந்தார். ஆனால் வீட்டிலிருந்து ஏதாவது அவசரமென்றால் கண்டக்டர் போனுக்குக் கூப்பிடுவது ஓட்டுநர் வீடுகளில் வழக்கம். அன்றைக்கு அண்ணி கூப்பிட்டார். கண்டக்டர் போனை அண்ணன் காதோரம் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வளைவு வந்தது.

விசாரணையில் கண்டக்டர் மூச்சு விடவில்லை. சொன்னால் அவர் பிழைப்பும் சேர்ந்து போகும். ஓட்டுநர் காதில் போன் இருந்ததைப் பார்த்தேன் என்று ரோட்டோரம் நின்ற ஒரு பெண் சொன்னாள். அண்ணன் போன் அலமாரியில்தான் இருந்தது என்று தெரிந்ததும், எனக்குத்தான் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று அவளும் ஒதுங்கிக்கொண்டாள். இறந்தவளின் அம்மா மட்டும் விடவில்லை. ஓட்டுநர் போனில் பேசினான், போனில் பேசினான் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். பெற்ற மகள் போன துக்கத்தில் அந்த அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள்.

அண்ணன் மேல் தப்பில்லை, திங்கட்கிழமை வண்டி எடுக்கலாம் என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். அண்ணன் அதைக் கேட்டுச் சந்தோஷப்படவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. சாப்பிட உட்காருவார், பாதியில் எழுந்து போவார். வாயைத் திறந்தால் வேலை போகும், ஜெயிலுக்குப் போக வேண்டும், பிள்ளைகள் தெருவில் நிற்கும் என்று அண்ணிக்கு வேளை தவறாமல் ஓதியவன் நான்தான். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். என்னிடம் மட்டும் எதையும் திருப்பிச் சொன்னதில்லை.

அந்த மாதத்துப் பேச்சு 'தெரு யாருடையது'. பேச்சுவாக்கில் அண்ணி எதையாவது சொல்லிவிடக் கூடாதே என்றுதான் நான் கூடப் போனேன். வாசலில் ஆளுக்கொரு வண்ணச் சீட்டு எடுக்கச் சொல்வார்கள், சீட்டின் நிறம்தான் மேசை. நான் டீயை ஊதிக்கொண்டு நின்றபோது இறந்தவளின் அம்மா உள்ளே வந்தார். விசாரணைக்கு அண்ணனோடு போனவன் என்பதால் எனக்கு முகம் தெரியும். கட்டம் போட்ட துணிப்பையை மார்போடு அணைத்திருந்தார். கையை விட்டுச் சீட்டு எடுத்தார். பச்சை. அண்ணியின் மேசை.

புத்தக அலமாரிகளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு ஓடி அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னேன். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், பேராசிரியையிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அண்ணி நாற்காலிகளை இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

"தெரியும் தம்பி. பேப்பர்ல போட்டோ பாத்திருக்கேன்."

"அப்ப கெளம்புங்க அண்ணி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"என் மேசைக்கு வந்தவங்கள விட்டுட்டு நான் எந்திரிச்சுப் போக மாட்டேன். நீங்க போய் உக்காருங்க."

பக்கத்து மேசையில் இடம் பிடித்து முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கதையின் பக்கத்தைப் படித்தார்கள், ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. என் எதிரே ஒரு மளிகைக்கடைக்காரர் தள்ளுவண்டிகளால் தன் வியாபாரம் கெடுவதைப் பற்றி நீட்டி முழக்கினார். கடைசியில், நான் என்ன சொன்னேன், சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். என் காது முழுக்கப் பின்னால் இருந்தது.

பச்சை மேசையில் அந்த அம்மா பேச ஆரம்பித்திருந்தார். சாப்பாடு டெலிவரி செய்கிற ஒருவர் நடுவில் குறுக்கிட்டு, விசாரணையில் போன் கிடையாது என்று முடிவாகிவிட்டதே, அதையே பிடித்துக்கொண்டிருந்தால் உடம்புதான் கெடும் என்று ஆறுதல் சொன்னார். அண்ணி அவரைத் தடுத்தார். முதலில் அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றார். அவருக்கு வரவில்லை. சங்கடமாகச் சிரித்து, நீங்களே சொல்லுங்கள் மேடம் என்று தள்ளிவிட்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்கக்கா" என்றார் அண்ணி.

"என் பொண்ண அடிச்ச டிரைவர் போன்ல பேசிட்டு இருந்தான். எனக்குப் பைத்தியம் இல்ல."

"அந்த டிரைவர் மேல உங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கு..."

"நான் அதச் சொல்லல."

"டிரைவர் போன் பேசினத யாரோ பாத்ததா..."

"அதுவும் இல்ல."

வாரியத்தில் இத்தனை வருஷம் ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்ன அண்ணி, இரண்டு தடவை தப்பாகச் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணியின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. விட்டுவிடுங்கள், பேச்சை மாற்றுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அண்ணன் வீட்டில் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார் என்ற நினைப்பு வேறு வந்து தொலைத்தது.

"உங்க பொண்ண அடிச்ச டிரைவர் போன்ல பேசிட்டு இருந்தாரு" என்றார் அண்ணி. "உங்களுக்குப் பைத்தியம் இல்ல."

"ஆமா" என்றார் அந்த அம்மா. "அதைத்தான் சொன்னேன்."

அவர் உடம்பு அப்படியே தளர்ந்து நாற்காலியில் சாய்ந்தது. இத்தனை மாதத்தில் இன்னொருத்தர் வாயால் அதைக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவையாக இருந்திருக்க வேண்டும். அதைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிட, இதோடு முடிந்ததே என்று நிம்மதியாக இருந்தது. நான் அப்படிப்பட்டவன்தான்.

"இப்ப நான் பதில் சொல்லலாமாக்கா?" என்றார் அண்ணி.

நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அண்ணி என்று நான் கூப்பிட்டது ஹால் முழுக்கக் கேட்டது. எல்லா மேசையும் திரும்பியது. அண்ணியும் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த டிரைவர் என் வீட்டுக்காரர். போன் பண்ணினது நான்தான். கண்டக்டர் போனுக்குப் பண்ணினேன்."

டெலிவரிக்காரர் தன் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பேராசிரியை தூரத்திலிருந்து வேகமாக வந்து, பாதியிலேயே நின்றுவிட்டார். அந்த அம்மா அறையப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அறைந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் பையைக் கீழே வைத்தார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் திருப்பிச் சொல்லும் விதியை எதிர்பார்க்கவில்லை.

"டிரைவர் உங்க வீட்டுக்காரர்" என்றார் மெல்ல. "போன் பண்ணினது நீங்க. கண்டக்டர் போனுக்கு."

"ஆமா. அதைத்தான் சொன்னேன்."

"என்ன விஷயமா பண்ணினீங்க?"

அதை நானும் அதுவரை கேட்டதில்லை. வேலை, ஜெயில், பிள்ளைகள் என்று அத்தனை பேசினேனே, இதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. ஏதோ அவசரம் இருந்திருக்கும், காய்ச்சலோ, கரன்ட் பிரச்சினையோ என்று நானாகவே வைத்துக்கொண்டேன்.

அண்ணி மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தார்.

"நகவெட்டியக் காணோம். எங்க வச்சீங்கன்னு கேக்கப் பண்ணினேன்."

அந்த அம்மா அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நகவெட்டி எங்கன்னு கேக்க... போன் பண்ணினீங்க."

அண்ணி தலையை மட்டும் ஆட்டினார்.

"வாயால சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.